கோமாளி மீன் குடியேற மறுக்கிறதா? அனிமோன், பவளச் சிக்கல்களை அறிகுறி பார்த்துத் தீர்க்கும் வழிமுறை

கொட்டும் உணர்கொம்புகள் கொண்ட கடல் உயிரான அனிமோன் எனப்படும் கடல் சாமந்தியையும் கோமாளி மீன் ஜோடியையும் ஒரே நாளில் வாங்கி ஒரே தொட்டியில் விட்டவர், மறுநாள் காலை மீன் ஒரு மூலையிலும் அனிமோன் எதிர்மூலையிலும் கிடப்பதைப் பார்த்தால் மீனைத்தான் குறை சொல்வார். ஆனால் கோளாறு பெரும்பாலும் மீனிடம் இருப்பதில்லை. வாங்கிய பொருத்தம் தவறாக இருக்கும், அல்லது அனிமோன் நலமாக இருக்காது, அல்லது தொட்டி இன்னும் பக்குவப்பட்டிருக்காது. ஆகவே கீழே சொல்லும் ஒவ்வொரு அறிகுறிக்கும் ஒரே வரிசையைப் பின்பற்றுங்கள்: முதலில் அனிமோன், அடுத்து நீர், கடைசியில் மீன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொட்டியில் வளரும் கோமாளி மீனுக்கு அனிமோன் அவசியமே இல்லை. கடலில் அந்தப் புகலிடம் இல்லாவிட்டால் அது பெரிய மீன்களுக்கு இரையாகிவிடும். கண்ணாடிக்குள் துரத்துவதற்கு யாரும் இல்லை. அனிமோனைக் கண்ணாலேயே பார்க்காமல் நன்றாகத் தின்று, ஜோடி சேர்ந்து, முட்டையிட்டு, 20 ஆண்டுகள்கூட வாழக்கூடிய மீன் இது. அனிமோன் வேண்டும் என்பது நம்முடைய ஆசை மட்டுமே. அதனால் தேர்வு செய்யும்போது "என் மீனுக்கு எது பிடிக்கும்?" என்பதற்கு முன்னால் "என் தொட்டியில் எது உயிரோடிருக்கும்?" என்று கேளுங்கள்.

தொடங்கும் முன்: பொருத்தம் சரிதானா?

கடல்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அனிமோன் வகைகள் உள்ளன. அவற்றில் 10 வகைகளில் மட்டுமே கோமாளி மீன்கள் இயற்கையாகக் குடியிருக்கின்றன. மீன்களிலோ ஏறத்தாழ 30 வகைகள். கிளார்க்கி வகை எதையும் தள்ளாது. அந்தப் பத்து அனிமோன்களிலும் அதைக் காணலாம். மறுமுனையில் மரூன் கோமாளி பபிள் டிப் அனிமோன் ஒன்றையே பற்றிக்கொள்ளும். டொமாட்டோ கோமாளியும் கிட்டத்தட்ட அப்படித்தான். மாலத்தீவுக் கோமாளி மேக்னிஃபிகா அனிமோனைத் தவிர வேறெதிலும் வாழ்வதில்லை.

கடைகளில் அதிகம் விற்பது ஆசெல்லாரிஸ்; ஆரஞ்சு உடலில் மூன்று வெள்ளைப் பட்டைகள் கொண்டது. இயற்கையில் இது குடியிருப்பது மேக்னிஃபிகா, ஜைகான்டியா கார்ப்பெட், மெர்டென்ஸி கார்ப்பெட் ஆகிய மூன்றில். இந்த மூன்றுமே தொட்டியில் வளர்க்கக் கடினமானவை. அதன் நெருங்கிய உறவான பெர்குலா, மேக்னிஃபிகாவிலும் ஜைகான்டியாவிலும் கிரிஸ்பாவிலும் வாழ்கிறது. வளர்ப்பதற்கு எளிதான பபிள் டிப் இந்த இரண்டு மீன்களின் இயற்கைப் பட்டியலிலும் இல்லை. தொடக்க நிலையில் இருப்பவர் வாங்கக்கூடிய மீனும் அவர் வளர்க்கக்கூடிய அனிமோனும் கடலில் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை என்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் பழைய முடிச்சு. நல்லவேளையாக, தொட்டிக்குள் ஆசெல்லாரிஸ் பலவும் பபிள் டிப்பை ஏற்றுக்கொள்கின்றன. சில நாட்களில் ஏற்பவை உண்டு, மாதக்கணக்கில் இழுப்பவை உண்டு, கடைசிவரை ஏற்காதவையும் உண்டு.

முதல் அனிமோனுக்கு என் பரிந்துரை பபிள் டிப்தான். அதிலும் இன்னொருவர் தொட்டியில் இரண்டாகப் பிரிந்து வளர்ந்த கன்று கிடைத்தால் வேறெதையும் பார்க்க வேண்டாம். கடலிலிருந்து பிடித்து, பிளாஸ்டிக் பையில் பல நாட்கள் பயணம் செய்து வந்த அனிமோனைவிட, தொட்டி நீரிலேயே பிறந்தது பல மடங்கு உறுதியானது.

பெயர்களில் ஏமாறாதீர்கள். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் காணப்படும் செபே கோமாளி மீன் வாழ்வது ஹேடோனி கார்ப்பெட்டில். கடையில் "செபே அனிமோன்" என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது கிரிஸ்பாவை. அதேபோல் மலிவாகக் கிடைக்கும் காண்டிலாக்டிஸ் கரீபியன் கடலிலிருந்து வருவது. அட்லாண்டிக்கில் கோமாளி மீனே கிடையாது. அதில் மீன் ஏறாவிட்டால் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

அறிகுறி: மீன் அனிமோனை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை

பொருத்தம் சரியாக இருந்தும் மீன் ஒதுங்கியே இருந்தால், அனிமோன் ஒட்டுகிறதா என்று பாருங்கள். நலமான அனிமோனின் உணர்கொம்பு இறால் துண்டு பட்டதும் பசைபோல் பிடித்துக்கொள்ளும். ஒட்டாமல், தொளதொளவென்று, சுருங்கியபடி இருக்கும் அனிமோனை மீன் தவிர்ப்பது சரியான முடிவு. அப்படியானால் மீனை விட்டுவிட்டு, கீழே சுருங்கிய அனிமோனைப் பற்றிச் சொல்லும் பகுதிக்குப் போங்கள்.

அனிமோன் நலமென்றால் மீனின் பிறப்பிடத்தைப் பாருங்கள். இன்று விற்பனைக்கு வரும் கோமாளி மீன்களில் பல, பண்ணையில் பொரித்தவை. தமிழ்நாட்டிலேயே மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையமும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன் குஞ்சு பொரிப்பில் பணியாற்றியிருக்கின்றன. பண்ணை மீனை வாங்குவதுதான் நல்லது. கடலில் ஒன்று குறையாது, நோயும் குறைவு. ஆனால் அதன் தாய்கூட அனிமோனைப் பார்த்திருக்காது. உள்ளுணர்வு அழிவதில்லை, விழித்துக்கொள்ளத் தாமதமாகும்.

ஏறத் தொடங்கும் மீன் நேராக உள்ளே பாயாது. வாலால் ஒரு தட்டு, வயிற்றால் ஓர் உரசல், உடனே விலகல், மறுபடி ஒரு தட்டு. சில மணி நேரமோ சில நாட்களோ இப்படி உரசி உரசித்தான் அதன் வழுவழுப்புப் படலம் அந்த அனிமோனுக்குப் பழகுகிறது. தொட்டதும் துள்ளி விலகினால் அனிமோன் மீனைக் கொல்லப்போகிறது என்று பதற வேண்டாம். பல நாட்கள் பிரிந்திருந்த மீன் திரும்பி வந்தாலும் இதே சடங்கை மறுபடி நடத்தும்.

விரைவுபடுத்த இரண்டு வழிகள் பயன்படுகின்றன. முதலாவது, உணவை எப்போதும் அனிமோனுக்கு மேலேயே போடுவது. சொட்டுக்குழாயால் அதன் விளிம்பில் உணவைவிட்டால் மீன் அங்கே வந்துதான் தின்ன வேண்டும். இரண்டாவது, துளைகள் உள்ள குஞ்சுப் பெட்டிக்குள் அனிமோன் பற்றியிருக்கும் கல்லையும் மீனையும் சில நாட்கள் ஒன்றாக வைப்பது. வேறு போக்கிடம் இல்லாதபோது பல மீன்கள் உள்ளே நுழைந்துவிடுகின்றன. ஜோடியாக இருந்தால் பெரியது பெண், சின்னது ஆண். பெண் ஏறிவிட்டால் ஆணைப் பற்றிய கவலை வேண்டாம்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. வலையில் பிடித்து அனிமோனுக்குள் திணிப்பது. வலையின் உரசலில் மீனின் பாதுகாப்புப் படலம் போய்விடும். அந்த நிலையில் கொட்டு வாங்கினால் காயம் உண்மையாகவே ஆழமாகும். தொட்டிக் கண்ணாடியில் அனிமோனும் மீனும் சேர்ந்திருக்கும் படத்தை ஒட்டிவைத்தால் மீன் கற்றுக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை நெடுநாளாக உலவுகிறது. ஒட்டிப் பாருங்கள், தீங்கில்லை. மீனைவிட உங்களுக்குத்தான் ஆறுதல்.

அறிகுறி: மீன் வேறெங்கோ குடியேறிவிட்டது

ஹீட்டர், பவர்ஹெட் (தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் பம்பு), கண்ணாடி வழிக்கும் காந்தம், ஒரு கொத்துப் பச்சைப் பாசி, தொட்டியின் மேல்மூலை என்று கோமாளி மீன் எதையும் வீடாக்கிக்கொள்ளும். இதற்குச் சிகிச்சை தேவையில்லை. விதிவிலக்கு பெரிய சிப்பிகள்: மீன் மேலேயே புரண்டுகொண்டிருந்தால் சிப்பி திறக்காது, திறக்காவிட்டால் ஒளி கிடைக்காமல் பட்டினியில் செத்துவிடும். அப்போது சிப்பியை இடம் மாற்றுங்கள். மற்றபடி, மீன் பற்றிக்கொண்ட பொருளை ஓரிரு வாரம் எடுத்துவிட்டால் அனிமோன் பக்கம் திரும்பும் வாய்ப்புக் கூடும்.

அறிகுறி: அனிமோன் ஓரிடத்தில் நிற்காமல் ஊர்ந்துகொண்டே இருக்கிறது

ஊரும் அனிமோன் எதையோ தேடுகிறது. புதிதாக விட்டதென்றால் முதல் சில நாட்கள் அலைவது இயல்பு. வாரக்கணக்கில் அலைந்தால் ஒளி, நீரோட்டம், பாதம் பதியும் இடம் ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று சரியில்லை.

முதலில் பாதத்தைப் பாருங்கள், ஏனென்றால் இங்கேதான் வகைக்கு வகை வேறுபாடு. பபிள் டிப் தன் பாதத்தைப் பாறை இடுக்கில் ஆழமாகச் செருகி, தலையை மட்டும் வெளியே விரிக்கும். தட்டையான கல்மேல் வைத்தால் அது நிற்காது; அனிமோனின் விரிவில் பாதியளவு ஆழமாவது உள்ள பொந்து வேண்டும். கிரிஸ்பாவும் லாங் டென்டகிளும் ஹேடோனியும் மணலுக்குள் தண்டைப் புதைத்து, அடியில் உள்ள கல்லையோ கண்ணாடியையோ பற்றுபவை. மணல் ஓர் அங்குலம் மட்டும் இருந்தால் இவை திருப்தி அடையா. நான்கைந்து அங்குல மணல் தேவை. மேக்னிஃபிகா இதற்கு நேர்மாறு. பாறையின் உச்சிக்கு ஏறி, கடும் ஒளியிலும் பலமான ஓட்டத்திலும் நிற்க விரும்பும். தொட்டியில் அத்தகைய உச்சி இல்லையென்றால் கண்ணாடியில் ஏறி நீர்மட்டத்துக்கே வந்துவிடும்.

இடம் சரியென்றால் ஒளி. மேலே மேலே ஏறினால் ஒளி போதவில்லை என்று கொள்ளுங்கள். கல்லுக்கு அடியில் ஒளிந்தால் ஒளி மிகை, அல்லது புது விளக்கை ஒரேயடியாக முழு வீச்சில் எரியவிட்டிருக்கிறீர்கள். மீன் மட்டும் வளர்க்கும் தொட்டிக்கான சாதாரண விளக்கில் எந்த அனிமோனும் நீடிக்காது. அதன் திசுக்களுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளியில் சமைத்துப் போடும் உணவுதான் அதற்குப் பெரும்பகுதிச் சாப்பாடு.

ஊரும் காலத்தில் செய்தே ஆக வேண்டிய வேலை, பவர்ஹெட்டுகளை மூடுவது. இரவில் ஊர்ந்துபோகும் அனிமோன் உறிஞ்சு வாயில் சிக்கினால் காலையில் துண்டுதுண்டாகிக் கிடக்கும். அனிமோன் மட்டும் போவதில்லை; கூழாகிப் பரவும் திசு தொட்டியில் உள்ள மற்ற உயிர்களையும் கொண்டுபோய்விடும். பவர்ஹெட், வேவ்மேக்கர் (அலை உண்டாக்கும் பம்பு) ஆகியவற்றின் உறிஞ்சு பக்கத்துக்கு நுரைப்பஞ்சு உறையோ அடர்த்தியான வலையோ போடுங்கள். ஓட்டம் சற்றுக் குறையும், பரவாயில்லை. ஹீட்டரையும் கூண்டுக்குள் வையுங்கள் அல்லது சம்புக்கு (தொட்டியோடு இணைந்த வடிகட்டித் தொட்டிக்கு) மாற்றுங்கள்.

ஊர்ந்து போகும் வழியில் தொடும் பவளங்களை எல்லாம் அனிமோன் கொட்டும். ஆகையால் அனிமோன் முதலில், பவளங்கள் பிறகு என்பதே சரியான வரிசை. அது ஓரிடத்தில் நிலைத்து சில மாதங்கள் ஆனபின் சுற்றிலும் இடைவெளி விட்டுப் பவளங்களை வையுங்கள்.

இடம் மாற்றியே ஆக வேண்டுமென்றால் பாதத்தைப் பிய்க்காதீர்கள். கிழிந்த பாதம் அழுகும், அழுகினால் அனிமோன் பிழைப்பது அரிது. பற்றியிருக்கும் கல்லோடு சேர்த்து நகர்த்துவதே மேல். கண்ணாடியில் பற்றியிருந்தால், பாதத்தின் ஓரத்தில் விரல் நுனியையோ மெல்லிய பிளாஸ்டிக் அட்டையையோ மெதுவாக நுழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவியுங்கள். ஒரு பையில் கட்டிய பனிக்கட்டியைப் பாதத்துக்குப் பின்புறம் கண்ணாடியின் வெளியே வைத்தால் சில சமயம் தானே விட்டுவிடும்.

அறிகுறி: அனிமோன் சுருங்கிவிட்டது, வாய் திறந்திருக்கிறது

சுருங்குவது மட்டும் நோயல்ல. அனிமோனுக்கு வாயும் கழிவுத் துவாரமும் ஒன்றே. கழிவை வெளியேற்றவும் உடலில் உள்ள நீரை மாற்றவும் அது அவ்வப்போது காற்றுப்போன பந்தாகிவிடும். பழுப்பு நிற இழைகளைத் துப்பிவிட்டு, சில மணி நேரத்தில் மறுபடி விரிந்தால் உங்களுக்கு வேலை இல்லை. பெரிய இறால் துண்டு தின்ற மறுநாள் இது அடிக்கடி நடக்கும். பட்டாணி அளவுத் துண்டை வாரம் ஒன்றிரண்டு முறை கொடுத்தால் போதும்.

ஒரு நாளுக்கு மேலும் விரியாமல், வாய் சுருக்கம் இழந்து பிளந்தே இருந்தால் நீரைச் சோதியுங்கள். உப்புத்தன்மை ரிஃப்ராக்டோமீட்டரில் 1.025, 1.026 அளவில், வெப்பம் 25 முதல் 27 டிகிரி செல்சியஸ், அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். தொட்டி தொடங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லையென்றால் இந்த எண்கள் ஒரு நாள் சரியாக இருந்தும் மறுநாள் தாவும். அந்தத் தாவலைத்தான் அனிமோன் தாங்காது.

நம் ஊர் வெயிலில் இந்தப் பகுதி கூடுதல் கவனம் கேட்கிறது. சென்னையிலோ மதுரையிலோ மே மாதம் குளிர்சாதனம் இல்லாத அறையில் தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டிவிடும். நீர்ப்பரப்பில் விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் ஆவியாதல் கூடி உப்பு ஏறும். ஏறிய உப்பைச் சரிசெய்ய மாலையில் ஒரேயடியாக ஒரு குடம் ஆர்ஓ நீரை ஊற்றினால் அனிமோனுக்கு ஒரு நாளில் இரண்டு அடி. நீர்மட்டத்தைத் தானே நிரப்பும் கருவி பொருத்துங்கள், அல்லது சிறு அளவில் பல முறை ஊற்றுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரும் குழாய் நீரும் வேண்டவே வேண்டாம். மின்வெட்டுக்குப் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கைவசம் இருக்கட்டும்.

எல்லை எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள். பாதம் எதையும் பற்றாமல் நீரில் மிதக்கிறது, தொட்டால் திசு விரலோடு வருகிறது, வெளியே எடுத்தால் அழுகிய நாற்றம் வீசுகிறது என்றால் அது இறந்துவிட்டது. அன்றே அகற்றி, நீரில் கணிசமான பகுதியை மாற்றி, வடிகட்டியில் புதுக் கரி போடுங்கள். "நாளை பார்க்கலாம்" என்பவர்கள் மறுநாள் மீனையும் சேர்த்து எடுக்க வேண்டி வரும்.

அறிகுறி: அனிமோன் வெள்ளையாக அல்லது கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருக்கிறது

நுண்பாசிகள் தங்கியிருக்கும் அனிமோன் பழுப்பு, தேன்நிறம், மங்கிய பச்சை சார்ந்த நிறங்களில் இருக்கும். அதன்மேல் சிவப்போ பச்சையோ மினுங்கலாம். பால்வெள்ளை என்றால் நுண்பாசிகளை இழந்துவிட்டது என்று பொருள். கடையில் "அபூர்வ வெள்ளை" என்று கூடுதல் விலை சொன்னால் நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். எலுமிச்சை மஞ்சளாகவோ மை கொட்டினாற்போல நீலமாகவோ உடல் முழுக்க ஒரே சீராக இருந்தால் சாயம் ஏற்றியதாக இருக்கலாம். சாயம் போனதும் கீழே தெரிவது வெள்ளைதான்.

வீட்டில் உள்ளது வெளுத்தால் ஒளியைக் கூட்டாதீர்கள். கைகொடுப்பதாக நினைத்துப் பலர் செய்வது இதுதான். மிதமான, மாறாத ஒளியில் வைத்து, மிகச் சிறிய துண்டுகளாக அடிக்கடி ஊட்டி, நீரை நிலையாக வைத்திருங்கள். நிறம் திரும்ப மாதங்கள் ஆகும். கோமாளி மீன் ஏறியிருந்தால் இங்கே அது உண்மையாகவே உதவும்: மீனின் கழிவில் உள்ள அம்மோனியா நுண்பாசிகளுக்கு உரம், இரவில் மீன் உள்ளே புரண்டு விசிறுவதால் அனிமோனைச் சுற்றி நீர் தேங்காமல் ஆக்சிஜன் போகிறது.

அறிகுறி: பபிள் டிப்பின் நுனிக் குமிழ்கள் மறைந்துவிட்டன

நீண்ட விரல்களாகிவிட்டதா? வாய் மூடி, பாதம் பற்றி, இறால் துண்டைப் பிடிக்கிறது என்றால் விட்டுவிடுங்கள். குமிழ்கள் வரும், போகும்.

அறிகுறி: மீன் பவளத்தில் குடியேறியது, இப்போது பவளம் விரிவதே இல்லை

அனிமோன் இல்லாத தொட்டியில் கோமாளி மீன் பவளத்தை நாடுவது வழக்கம். டார்ச், ஹாம்மர், ஃப்ராக்ஸ்பான், டங்கன், கோனியோபோரா, லெதர், ஜீனியா எல்லாவற்றிலும் மீன்கள் ஏறுகின்றன. அனிமோனைப் போல அசையும் எதுவும் அவற்றுக்குப் போதும். பவளம் தாங்குமா என்பதுதான் கேள்வி.

இந்தியாவில் இருப்பவர்கள் அதற்கு முன் சட்டத்தைப் பார்க்க வேண்டும். கல் பவளங்கள் அனைத்தும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் சேர்க்கப்பட்டன. மேலே சொன்னவற்றில் டார்ச், ஹாம்மர், ஃப்ராக்ஸ்பான், டங்கன், கோனியோபோரா ஆகிய ஐந்தும் கல் பவளங்கள். மன்னார் வளைகுடாவிலிருந்தோ லட்சத்தீவிலிருந்தோ எடுத்ததை "ராமேஸ்வரம் சரக்கு" என்று ஒருவர் ரகசியமாக நீட்டினால், வாங்குபவரும் குற்றத்தில் பங்காளி. வெளிநாட்டிலிருந்து வருவதற்கும் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) அனுமதி வேண்டும், ஏனென்றால் கல் பவளங்கள் அந்த ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. சிங்கப்பூரிலோ கனடாவிலோ இருக்கும் வாசகர்கள் தங்கள் ஊர்க் கடையில் வளர்ப்புத் துண்டுகளை உரிய ஆவணத்தோடு வாங்கிக்கொள்ளலாம்.

எந்தப் பவளம் தாங்கும்? லெதர்தான் என் முதல் தேர்வு. மென் பவளம், தோல் தடிமனானது, மீனின் உருளலைப் பொறுத்துக்கொள்ளும். அவ்வப்போது மெழுகு பூசியதுபோல் மூடிக்கொண்டு மேல்தோலை உரிக்கும். அதை மீனின் தொல்லை என்று தவறாக எண்ண வேண்டாம். ஜீனியா கிழிந்தாலும் மறுபடி தழைத்துவிடும். அதன் சிக்கல், தொட்டி முழுவதும் தழைப்பது. ஆகவே தனிக் கல்லில் ஒதுக்கி வையுங்கள். டார்ச்சும் ஹாம்மரும் பார்வைக்கு அனிமோனுக்கு மிக நெருக்கம், மீனும் சொக்கிப்போகும், ஆனால் அவற்றின் சதை கூர்மையான எலும்புக்கூட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. மீன் திரும்பத் திரும்ப அழுத்தும்போது அந்த விளிம்பில் சதை கிழிகிறது. கிழிந்த இடத்தில் பழுப்பு ஜெல்லி போன்ற ஒன்று படர்ந்தால் அது வேகமாகப் பரவும் தொற்று. அந்தத் தலையை உடனே வெட்டி அகற்றாவிட்டால் கொத்து முழுவதும் போகும். ஒற்றைத் தலை டார்ச்சை மீன் ஜோடி சில வாரங்களில் தீர்த்துக்கட்டிவிடும். பல தலைகளுடன் கையகலத்துக்கு வளர்ந்த கொத்தில் மீன் பல இடங்களில் மாறி மாறி உருளும், பவளத்துக்கு ஓய்வு கிடைக்கும். மீனின் உடலளவும் முக்கியம்: சின்ன ஆசெல்லாரிஸைத் தாங்கும் டங்கன், முழு வளர்ச்சியில் 15 சென்டிமீட்டரை எட்டும் மரூன் பெண்ணைத் தாங்காது.

ஏற்கெனவே மூடிக் கிடக்கும் பவளத்தைக் காப்பாற்ற, அதன்மேல் பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து வையுங்கள். ஒளியும் ஓட்டமும் போக வேண்டும், மீன் போகக் கூடாது. இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி விரிந்தால், கூடையை எடுக்கும் நாளில் பவளத்தைத் தொட்டியின் எதிர்ப்புறத்துக்கு மாற்றிவிடுங்கள். கோமாளி மீன் இடத்தை நினைவில் வைத்திருக்கும். பழைய மூலைக்கே போய்த் தேடும். அந்தப் பழைய மூலையில் ஒரு லெதரையோ சிலிக்கான் பொம்மை அனிமோனையோ வைத்தால் காரியம் முடிந்தது. பொம்மையைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. மீன் சுளிப்பதில்லை.

அறிகுறி: மீன் காணாமல் போய்விட்டது

அனிமோன் தின்றதா என்ற சந்தேகம் முதலில் வரும். பழகிய கோமாளி மீனை நலமான அனிமோன் தின்பது அரிது; வேறு காரணத்தால் இறந்த மீனை அது விழுங்கியிருக்கலாம். மூடியில்லாத தொட்டியென்றால் தரையையும் தேடுங்கள். தின்னக்கூடியவை என்று அஞ்ச வேண்டியவை இரண்டு. ஒன்று ஹேடோனி கார்ப்பெட். அதன் பிடி கடுமையானது. கோமாளி மீனுக்கு இடம் கொடுத்துவிட்டு அருகில் வரும் கோபி, பிளென்னி போன்ற சிறு மீன்களை விழுங்கிவிடும். மற்றொன்று யானைக்காது காளான் என்று விற்கப்படும் பெரிய தட்டு உயிரி. பார்க்கச் சாதுவாக, கம்பளம்போல் விரிந்து கிடக்கும். கோமாளி மீன் அதன்மேல் படுக்கப் பழகியபின் ஒரு நாள் விளிம்புகள் பைபோல் மூடிக்கொள்ளும். கோமாளி மீன் உள்ள தொட்டியில் அதற்கு இடமே கொடுக்காதீர்கள்.

அறிகுறி: மீனின் உடலில் வெள்ளைப் படலம், வேக மூச்சு

"அனிமோன் கொட்டிவிட்டது" என்று நினைத்து மீனை விட்டுவிடுபவர்கள் இந்த இடத்தில்தான் மீனை இழக்கிறார்கள். தோல் உரிவதுபோல் சளி தொங்கி, மூச்சு வாங்கி, உணவை மறுத்தால் அது புரூக்ளினெல்லா என்ற ஒட்டுண்ணியாக இருக்க வாய்ப்பு அதிகம். கடலில் பிடித்த கோமாளி மீன்களில் அடிக்கடி வருவது, ஓரிரு நாளில் கொல்லக்கூடியது. ஃபார்மலின் மருந்து இதற்குப் பயன்படுகிறது, ஆனால் தனித் தொட்டியில் மட்டும், மருந்துக் குப்பியில் உள்ள அளவுப்படி. உப்புத் தூவியதுபோல் தனித்தனிப் புள்ளிகளாக இருந்தால் வெண்புள்ளி நோய். அதற்குச் செம்பு கலந்த மருந்து கொடுப்பார்கள். செம்பு அனிமோனையும் பவளத்தையும் இறாலையும் கொல்லும். பாறையிலும் மணலிலும் படிந்து பின்னரும் தொல்லை தரும். எனவே அனிமோன் இருக்கும் தொட்டியில் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது. மீன்களை எல்லாம் வெளியே எடுத்துத் தனித் தொட்டியில் மருந்து கொடுங்கள். பெரிய தொட்டி குறைந்தது ஆறு வாரம், கூடுமானால் பத்துப் பதினோரு வாரம் மீனின்றி இருக்கட்டும். அனிமோன் அதுவரை தனியாக இருந்துகொள்ளும். இறால் துண்டு கொடுப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

அறிகுறி: குடியேறிய பின் மீன் முரடாகிவிட்டது

வீடு கிடைத்த கோமாளி மீன் காவல்காரனாகிவிடும். பெண் மீன்தான் மிகக் கடுமை. டொமாட்டோவும் மரூனும் கையில் இரத்தம் வரக் கடிக்கும். சிறிய தொட்டியில் மற்ற மீன்களுக்கு ஒதுங்க இடமில்லாவிட்டால் அவற்றை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. இரண்டு வகைக் கோமாளி மீன்களை ஓர் அனிமோனில் பங்குபோட வைக்கும் முயற்சி வேண்டாம். ஒன்று மற்றதைக் கொன்றுவிடும்.

திடீரென்று முரட்டுத்தனம் கூடினால் அனிமோனின் பாதத்துக்கு அருகில் உள்ள கல்லைப் பாருங்கள். ஆரஞ்சு நிறத்தில் சிறு முத்துகளாக முட்டைகள் ஒட்டியிருக்கும். ஆண் மீன் வாயாலும் துடுப்பாலும் அவற்றை விசிறிக்கொண்டிருக்கும். ஏழு முதல் பத்து நாட்களில், விளக்கு அணைந்த பிறகு அவை பொரியும். அதுவரை அந்தப் பக்கக் கண்ணாடியை வழிக்க வேண்டாம், கல்லை நகர்த்த வேண்டாம். கை விட்டே ஆக வேண்டுமென்றால் முழங்கை வரை நீளும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.